கோரம்

வியாழன் இரவு எட்டு மணிக்குக் கூட்டம்.
ஒன்பதே காலுக்கு நான்கு பேர்தான்.
ஐந்து பேர் வேண்டும்.
முதலில் தமிழில் குறித்துக்கொள்வது என் வழக்கம்,
ஆங்கிலத்தில் தட்டுவது மறுநாள்.
கோரம் இல்லை, என்று எழுதினேன்.
ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்
பொய் எழுதுவதுபோல் இருக்கிறது.

சொஹார். துறைமுகச் சாலையில் கடைசி ரவுண்டானா தாண்டி
எங்கள் பள்ளி.
ஆயிரத்து நூறு பிள்ளைகள், இருபத்தேழு பேருந்துகள்,
மூன்று வருடத்தில் நான்கு பிரின்சிபால்.
பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டிக் கழற்றி
கதவில் திருகாணித் துளைகள் தேய்ந்துவிட்டன.
கடைசி ஆளின் பெயரை
செலோடேப்பில்தான் ஒட்டினோம்.
கோடை விடுமுறைக்குப் போனவர்
திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு
ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார்.
அந்த டேப் இன்னும் வரவில்லை, பிசுபிசுக்கிறது.

எவன் மலையாளி எவன் தெலுங்கன் என்று
தலை எண்ணிய காலம் போயிற்று.
இப்போது அலுமினிய ஆலை ஓர் அணி
துறைமுகம் ஓர் அணி.
நடுவில் பல் டாக்டர் பிம்ப்ரிகர்:
கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வார்.

அன்று நேர்காணல்.
பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார்
இசபெல்லா ஞானசிகாமணி.
மஸ்கட்டில் இறங்கி
இரண்டரை மணி நேரம் டாக்ஸி.
ஆறு மணியிலிருந்து வராந்தா நாற்காலியில்,
மடியில் ஃபைல்,
கையில் காலி பாட்டில்.

பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.
"பேருந்து ஒப்பந்தம் பற்றி உங்கள் கருத்து?"
இது துறைமுகம்.
"வந்ததும் யாரையெல்லாம் மாற்றுவீர்கள்?"
இது ஆலை.
பிம்ப்ரிகர் முறுக்கை மெதுவாகக் கடித்தார்.
அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார்:
"இரண்டாம் மாடி வாட்டர் கூலர்
எத்தனை நாளாக ஓடவில்லை?"
ஏசி சத்தம் மட்டும் கேட்டது.
"அது அஜெண்டாவில் இல்லை, மேடம்."

மூன்றுக்கு மூன்று ஓட்டு.
தலைவர் வர்கீஸ் போத்தனுக்கு
இன்னொரு ஓட்டு உண்டா?
விதிப்புத்தகத்தைப் பார்க்கவேண்டும்.
விதிப்புத்தகம் பழைய செயலாளரிடம்.
பழைய செயலாளர் தோஹாவில்.
ஒத்திவைப்பு.
வாசலில் அந்த அம்மாளுக்கு டாக்ஸி பிடித்துக் கொடுத்தேன்.
தூரத்தில் ரிஃபைனரி தன் தீயை
யாருக்கும் இல்லாமல் எரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தட்டினேன்.
பொருள் ஒன்று, இரண்டு, மூன்று.
பொருள் நான்கு: முதல்வர் நியமனம், ஒத்திவைக்கப்பட்டது.
பொருள் ஐந்து: தேநீர்ச் செலவு.
பிறகு என் விரல்களே
பொருள் ஆறைத் தொடங்கின:
இரண்டாம் மாடிக் கூலர் பழுதுபார்க்க
நாற்பத்தெட்டு ரியால்,
ஒருமனதாக ஏற்கப்பட்டது.
'ஒருமனதாக' என்பதற்கு ஆங்கில ஸ்பெல்லிங் மறந்திருந்தது.
ஐந்து வருடமாகத் தேவைப்படாத சொல்.

அடுத்த வியாழன்
சென்ற கூட்டக் குறிப்புகள்
படித்ததாகக் கொள்ளப்பட்டன.
ஏழு கையெழுத்து.
வராதவரும் போட்டார்.

ஞாயிறன்று சஹாமிலிருந்து மெக்கானிக் வந்தார்.
உள்ளே ஒரு பல்லி, ஒரு பென்சில், கறுத்த ஃபில்டர்.
திங்கள் முதல் பீரியட் முடிந்து
நான் மேலே போனபோது
தரை முழுக்கத் தண்ணீர்.
ஒருவன் தலையை உள்ளே விட்டிருந்தான்.
திட்ட வாயெடுத்தேன், திட்டவில்லை.

கணக்கு தணிக்கையில் கேள்வி வந்தது:
நாற்பத்தெட்டு ரியால், யார் முன்மொழிந்தது?
வயிற்றைப் பிசைந்தது எனக்கு.
ஆலை சொன்னது, நாங்கள்.
துறைமுகம் சொன்னது, இல்லை, நாங்கள்தான்.
தேர்தல் நோட்டீஸில் இரு அணியும்
அதே கூலரின் படம் போட்டிருக்கின்றன.
பிம்ப்ரிகர் அதன் பக்கத்தில் நின்று
பல் தெரியச் சிரிக்கிறார்.

இசபெல்லா மேடத்திடமிருந்து
இரண்டாம் நினைவூட்டல் வந்திருக்கிறது,
டாக்ஸி ரசீதோடு. முப்பத்தைந்து ரியால்.
பரிசீலனையில், என்று பதில் போட்டேன்.

இன்றும் வியாழன்.
எட்டு ஐம்பது. மூன்று பேர்.
குறிப்பை முன்கூட்டியே பாதி தட்டிவிட்டேன்.
பொருள் நான்குக்குக் கீழே
ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.