மூன்று மில்லிமீட்டர்

ஏகாம்பரத்திடம் நாலு நிமிஷம்தான் கேட்டோம்,
அசையாமல் மல்லாந்து படுக்க.
ஒன்றரையில் எழுந்துவிட்டார்,
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு.
"பட்த்தா மாருமேல ஆளு ஏறி ஒக்கார்றான்மா."

ஐந்து மாதமாகச் சுவரில் சாய்ந்துதான் தூக்கம்.
குடியாத்தம் வண்டியில் இருபத்தெட்டு வருஷம்
நின்றே டிக்கெட் கிழித்தவர்.

அதனால் இந்த நாற்காலி.
கதிர் நகராது, இவர்தான் சுழல்வார்.
முதுகுக்குப் பலகை, முழங்காலுக்கு முட்டு,
கைகளுக்கு ஒரு கம்பி
(அதைமட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை).
தலைக்கு மேலிருந்து ஸ்கேன் வளையம் இறங்கும்,
தொண்டை முதல் கடைசி விலா வரை
துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு மேலேறும்.
"கோழிய கவுக்கற பஞ்சாரமாட்டம் கீது."

தை மாதம், இன்னும் படுக்க முடிந்தபோது
ஊரில் எடுத்த படத்தை
இன்றைய படத்தின்மேல் வைத்தேன்.
பொருந்தவில்லை.
உட்கார்ந்தவரின் நுரையீரல் பெரிசு.
இதயம் ஒரு விரற்கடை இறங்கி, சற்றே ஒல்லியாக.
கட்டி வளர்ந்தது கொஞ்சம், நகர்ந்தது நிறைய,
படிக்கட்டில் தொற்றியவன்போல முன்சாய்ந்து.
படுத்திருந்தவர் வேறு யாரோ.
அவருக்குப் போடுகிற கணக்கை
இவர்மேல் பாய்ச்ச முடியாது.

நான் படித்த புத்தகங்களில்
எல்லா உடம்பும் மல்லாந்தே கிடந்தது
அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒன்பதாம் நாள்.
ஆனி பிறந்தும் வேலூர் வெயில் இறங்கவில்லை.
காட்பாடி ரோட்டு நெரிசலில் ஒரு மணி நேரம்
ஆட்டோவில் வெந்து வந்தவர்
ஏசியில் உட்கார்ந்தார்.
வளையம் இறங்கியது, ஏறியது.
மூன்று மில்லிமீட்டர் விலகல்.
கேமராவில் பார்த்தால்
முகவாய் மார்பில், ஒரு கை கம்பியை விட்டு வயிற்றுக்கு வந்து
இல்லாத தோல்பையை அணைத்தபடி.

மைக்கை அழுத்தினால் போதும்.
நிமிர்த்தி, மறுபடி எடுத்து, மறுபடி பொருத்தி...
வெளியே பதினோரு பேர்.
அசாமிலிருந்து வந்த பெண் ஒருத்தி
டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
ஜெபமணி என்னைப் பார்த்தான்.
ரெண்டு நிமிஷம், என்றேன்.

கதிர் இல்லை, சுழற்சி இல்லை.
திரையில் மூச்சின் கோடு மட்டும்
மேடும் பள்ளமுமாக,
இத்தனை நாளில் நான் பார்க்காத
நிதானத்தில்.

பிறகு மைக்கில் சொன்னேன்:
"குடியாத்தம் வந்தாச்சு, எறங்குங்க."

திடுக்கிட்டுக் கம்பியைப் பிடித்தார்.
"இன்னாமா, இன்னும் பள்ளிகொண்டாவே தாண்டல."

வளையத்தை மறுபடி இறக்கினேன்.