ஆறு குழி, நூற்றைம்பது ரூபாய்

வளத்தூர் ஸ்டேஷனில் இறங்கி
கோல்ஃப் எங்கே என்றால் யாருக்கும் தெரியாது.
பந்தடிக்கிற காடு என்றால்
டீக்கடைக்காரரே எழுந்து வந்து கை காட்டுவார்.

கெங்காதரன் சீட்டு கிழித்தார்.
நூற்றைம்பது. மட்டை வாடகை ஐம்பது.
பந்து தொலைந்தால் நாற்பது.

ஆம்பூரில் இரவு ஷிஃப்ட் முடித்து
சட்டையில் தோல் வாடையோடு வந்திருந்தேன்.
புல் என்று சொல்ல ஒன்றுமில்லை.
பாலாற்று மணலில் பழைய இன்ஜின் ஆயில் தெளித்து
கோணிச் சாக்கால் இழுத்த வட்டம்,
நடுவில் புதைத்த பெயின்ட் டப்பா.

மூன்றாவது வட்டத்தில் எருமை படுத்திருந்தது.
"எழுப்பாதீங்க சார், அதுதான் இங்க ரூலு."
சுற்றி அடித்தேன்.
வேலிக்காத்தான் வாங்கிக்கொண்டது.
நாற்பது.

கடைசிக் குழி.
நாலு முழத்திலிருந்து தட்டிய பந்து
டப்பா விளிம்பில் வந்து நின்றுவிட்டது.
நானும் நின்றேன்.
காட்பாடி பக்கமிருந்து கூட்ஸ் வண்டி,
ஐம்பது பெட்டியாவது இருக்கும்,
தரை லேசாக நடுங்க
டொக்.

"இது கணக்குல வருமா?"
பென்சிலை நாக்கில் தொட்டார் கெங்காதரன்:
"கூட்ஸ் வண்டிக்கு நான் சீட்டு கிழிக்கலையே.
உங்க பந்துதான்."

ஐந்து என்று எழுதினார்.
ஏழு அடித்தது
எனக்கும் எருமைக்கும் தெரியும்.