பதினேழாவது தடம்

முதலில் நாடாவைச் சுடவேண்டும்.
ரொட்டி சுடுகிற மாதிரிதான்,
ஐம்பத்து நான்கு டிகிரியில் எட்டு மணி நேரம்.
நாற்பது வருடம் ரெசிஃபேயின் ஈரத்தைக் குடித்த நாடா
சுடாமல் ஓட்டினால் தோலுரிந்து
பழுப்புப் பொடியாய் இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும்,
பாட்டென்று ஒன்று இருந்ததே பொய் என்பதுபோல.

லூசியோ ஆர்வெலோஸ் செத்து இருபது ஆண்டு.
நிறுவனத்துக்குச் சிறப்புப் பதிப்பு வேண்டும்.
அதற்குள் ஊர் அவரை இரண்டாகக் கிழித்துவிட்டது.
துறைமுகச் சுவரில் இருபதடி ஓவியம்;
அதன் வாயில் யாரோ அடித்த கறுப்புச் சாயம்.
தெய்வம் என்கிறார் டாக்சிக்காரர்.
மூட்டை தூக்குகிறவர்களின் தாளத்தை எடுத்து
வெள்ளைச் சட்டை மாட்டி விற்ற திருடன் என்கிறாள் என் மகள்.
இருவருக்கும் தலையாட்டுகிறேன்.
எனக்குச் சம்பளம் மணிக்கணக்கில்.

இருபத்து நான்கு தடங்கள்.
ஒவ்வொன்றாக வாயடைத்துக்கொண்டே வந்தேன்.
மேளம் போனது. கிட்டார் போனது.
கடைசியில் அவர் குரல் மட்டும் நின்றது,
குளித்துவிட்டுத் துண்டைத் தேடுகிறவன் மாதிரி.
மெலிந்த குரல். உச்சியில் லேசாக நொண்டுகிறது.
இதற்கா
ஸ்டேடியங்கள் மயங்கி விழுந்தன?

பிறகு பதினேழைத் திறந்தேன்.

ஒரு பெண்.
பெட்டி அட்டையில் பென்சில் எழுத்து:
‘பின்குரல். ஐயாயிரம் க்ரூசெய்ரோ. ஒரு கோழி சாண்ட்விச்.’
கோழியின் பெயர் இருக்கிறது, அவளுடையது இல்லை.

பல்லவி முடிகிற இடத்தில்
சொல்லே இல்லாமல் ஒரு ஏற்றம் வருமே,
கார்னிவலில், கால்பந்தில், விளக்கணைந்த பஸ்ஸில்
நாடே தொண்டை கிழியக் கத்துமே,
அது அவள்.
என் தம்பியின் பெட்டி குழிக்குள் இறங்கியபோது
ஏழு பேர் நின்று பாடினோம்.
பாடியது அவரை அல்ல,
இவளை.

நாடா நிற்பதற்கு முன் அவர் பேச்சும் பதிவாகியிருக்கிறது:
“அந்தப் பெண்ணை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.
மூச்சு கேட்கிறது.”

மூன்று வாரம் தேடினேன்.
எரோனில்டெஸ். ஜபோவாத்தாவில்
நாய்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள்.
கை ஈரம். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைக்கச் சொன்னாள்.
நான் காத்திருந்தேன்,
கண்ணீருக்கு, வசவுக்கு, ஒரு வக்கீலின் பெயருக்கு.

“முதல் பல்லவி நான்.
இரண்டாவதும் நான்.
கடைசியில் வருவது லூசியோ.”

இருக்காது என்றேன். அதே தடம், அதே மைக், அதே ஏற்றம்.

“எனக்குக் கடைசி பஸ் பத்தரைக்கு. கிளம்பிவிட்டேன்.
என் இடத்தில் நின்று விடியும்வரை முயன்றானாம்.
வாட்ச்மேன் சொன்னான்.”

கத்திரி நின்றது. நாய்கூட நிமிர்ந்து பார்த்தது.
“நன்றாகத்தான் திருடியிருக்கிறான்.”
அதில் கசப்பு எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று
பிரித்துக் கேட்க
என்னிடம் தடங்கள் இல்லை.

பிறகு பணத்தைப் பற்றிப் பேசினாள்,
வெகுநேரம், மிகத் தெளிவாக.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.
இந்த முறை பெயரை முதலில்.

இரவு ஸ்டுடியோவில் அந்தக் கடைசிப் பல்லவி.
எத்தனை முறை ஓட்டியும்
என் காது அவளென்றே சாதிக்கிறது.
ஒரே ஒரு இடம் தவிர:
ஏற்றத்துக்குச் சற்று முன்
யாரோ பயந்துபோய் மூச்சிழுக்கிறார்கள்.

தள்ளி நிற்கச் சொல்ல அப்போது அங்கே ஆளில்லை.

அதை இரண்டு டெசிபெல் உயர்த்தி வைத்தேன்.
நிறுவனத்தில் கேட்டால்
பழைய நாடா, சார், அப்படித்தான் இருக்கும்
என்று சொல்லிக்கொள்ளலாம்.