இரவு பந்தோபஸ்து

முனிச்சாலை முக்கில் ஒரு நாற்காலி,
ஒரு லத்தி, ஒரு கொசுவத்தி, நான்.
எதிரே நீலத் தார்ப்பாய்க்குள்
குப்புராமய்யர்.
காலரா வருஷம் தெருத்தெருவாகக் கஞ்சி ஊற்றியவராம்.
கோர்ட்டு சொல்லும்வரை முகம் தெரியக்கூடாது.

வந்தேறிக்கு எதுக்குய்யா முக்குல இடம்
என்கிறது சுவரொட்டி.
எங்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை.
பீடத்தில் எந்த எழுத்தில் பேர் வெட்டுவது?
தமிழா, நாகரியா,
எங்கள் பாஷைக்கென்றே இருந்து
ஊரில் நாலு பேர் வாசிக்கிற அந்த எழுத்தா?
மூன்று சங்கம், மூன்று வக்கீல்.
பீடம் மொழுக்கென்று நிற்கிறது.

எங்களுக்குள் என்றேன். ஸ்டேஷனில் இது தெரியாது.
சட்டையில் ப. சுகந்தி. அந்தப் பேரில் எந்த ஊரும் இல்லை.
சாயங்காலம் சங்கத்து ஆட்கள் இருவர்
என் தலைக்கு மேலே வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள்,
இந்தப் பொம்பளை போலீஸ் கண்ணசந்ததும்
தார்ப்பாயைக் கிழித்துவிடலாமென்று.
நான் கொசுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்த அன்று ரைட்டர் கேட்டார்:
சொந்த ஊர்?
மதுரை.
அதில்லம்மா, பூர்வீகம்?
பந்தடி எட்டாவது தெரு.
அவருக்குக் கமுதி. இங்கே வந்து ஏழு வருஷம்.

ரெண்டு மணிக்கு மழை.
யாரும் கிழிக்க வேண்டியிருக்கவில்லை,
காற்றே உருவிப் போட்டது.
பார்த்தேன்.
போட்டோ கிடையாது அவருக்கு. சிற்பி
எந்த ஊருக்கோ செய்து மிஞ்சிய
யாரோ ஒரு தலைவரின் அச்சில் வார்த்திருக்கிறார்.
மீசை எங்களுடையதில்லை.
துண்டு எங்களுடையதில்லை.
வலது கை மட்டும்
அகப்பை பிடிக்கிற மாதிரி மடங்கி, வெறுமையாக.
இதற்கா எட்டு வருஷம்.

நனைந்துகொண்டிருந்தவரிடம்
என் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னேன்.
காக்கியில் அதைப் பேசியது அதுதான் முதல் தடவை.
பாயிண்ட் புத்தகத்தில் அதை ஏற்றவில்லை.
நாற்காலி மேல் ஏறி, தார்ப்பாயை இழுத்து,
கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினேன்.
உத்தரவு உத்தரவுதான்.
அப்புறம் மூக்குப் பக்கம் கொஞ்சம் தளர்த்தினேன்.

விடிகிற நேரம்
எதிர்மனுக்காரர் சோணைமுத்து வந்தார்.
சிலையைச் சுற்றி ஒரு நோட்டம், பிறகு பொட்டலத்தை நீட்டி:
"ராத்திரி பூரா நனைஞ்சிருப்பீக மேடம், சாப்பிடுங்க.
பங்கரபான் வடை. நம்ம மதுரைய விட்டா
வேற எங்கயும் கெடைக்காது."

பச்சை நிறம், சூடு, எண்ணெய் கசியும் பேப்பர்.
ரெண்டு சாப்பிட்டேன்.