ஆறு மாதத்துக்கு மேற்படாத புகைப்படம்

வெள்ளைப் பின்னணி வேண்டுமாம்.
இரண்டு காதும் தெரிய வேண்டுமாம்.
ஆறு மாதத்துக்கு மேல் பழசாயிருக்கக் கூடாதாம்.
விண்ணப்பம் கேட்பவற்றுள்
உடனே என்னால் முடிந்தது இது ஒன்றுதான்.
நைட் டியூட்டி முடிந்த கையோடு
புரசைவாக்கம் தாணா தெருவில்
ஷட்டர் ஏறும்வரை நின்றேன்.

ஸ்டூடியோ ரகோத்தமன்
கணினியில் என்னைத் தேடினார்.
"தாட்சாயணி, போன வருஷம் மே. இருக்கும்மா.
தேதிய மட்டும் மாத்திக் குடுத்துடவா?
பாதி ரேட்டுதான்."

திரையில் அவள்.
இஸ்திரி மடிப்புக் கலையாத சுடிதார்,
நடு நெற்றியில் நேராகப் பொட்டு,
ரேடியாலஜி சீட்டு வாங்கிவிட்டவள் மாதிரியே
கேமராவைப் பார்க்கிறாள்.

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.
முதல் சுற்று, இரண்டாம் சுற்று,
கடைசியாக மிச்சம் மீதி வழிக்கும் சுற்று.
ஸ்டெர்லிங் ரோடு சிக்னலில் நின்ற பஸ்ஸில்
பக்கம் திறக்கத் திறக்க
எனக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே
பதினோரு பேர் இருந்தார்கள்.
பதினோரு பேர். ஒரு ஷேர் ஆட்டோவில்
நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடுவார்கள்.

"அனாடமி கிடைக்குதே, எடுத்துக்கயேன்" என்றார் சித்தப்பா.
"நைட் டியூட்டி இல்ல. பொணம் ராத்திரில கூப்பிடாது."
வேண்டாமென்றேன்.
அந்த வேண்டாமை எத்தனை ராத்திரி
திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.
ஷெரின் மதுரையில் சேர்ந்து
ஈய அங்கியோடு படம் போட்டாள்.
இதயம் ஒன்று அனுப்பிவிட்டு
போனைக் குப்புறக் கவிழ்த்தேன்.
மாடி வீட்டு அக்கா கேட்கிறார்,
இந்த வருஷமாவது டாக்டர் ஆயிடுவியா?

வியாசர்பாடி நர்சிங் ஹோமில்
ராத்திரிக்கு ஆயிரத்து நானூறு ரூபாய்.
நாய்க்கடி, குடித்துவிட்டு விழுந்தவர்கள்,
போகி விடியலில்
மூச்சுக்குத் தவிக்கும் ஏழு பேர்,
இரண்டே நெபுலைசர்.
இடையிடையே
ஸ்டெதஸ்கோப்பைப் பக்க அடையாளமாக வைத்து
நாலு விடைகளில் ஒன்றை டிக் செய்வேன்.

படம் பார்க்கும் பெட்டியில் பல்பு போய் மாதங்களாகின்றன.
ஒரு நாள் இரண்டரை மணிக்கு
லோடு இறக்குகிறவர் ஒருவரின் நெஞ்சுப் படத்தை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
வலப்பக்கம் மேலே ஒரு கருநிழல்.
கட்டியா, காசமா,
படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது,
எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட
(சொல்ல வெட்கமாயிருக்கிறது).
நிழல் நகர்ந்தது.
விளக்கின் மேல் பல்லி.

தலைக்கு, தோளுக்கு, முழங்காலுக்கு
எங்கே விழுந்தால் என்னவென்று
பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது.
நுரையீரலுக்குப் பலன் இல்லை.
"சிரிக்கிறீங்களே டாக்டர், அப்ப ஒண்ணும் இல்லியா?"
என்றார் அவர்.
ஒன்றும் இல்லை என்று சொல்லுமுன்
படத்தை வேறிடத்தில் பிடித்து
மறுபடி மூன்று முறை பார்த்தேன்.
போன வருடத்தவள் ஒரு முறை பார்த்திருப்பாள்.

"புதுசாவே எடுங்க" என்றேன் ரகோத்தமனிடம்.
சீப்பு கொடுத்தார், பவுடர் டப்பா கொடுத்தார்.
முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி
ஸ்டூலில் நிமிர்ந்ததும்
என்னையறியாமல்
மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டேன்.
"அம்மா, இது எக்ஸ்ரே இல்ல. மூச்ச விடுங்க."
விட்டேன். பளிச்.

வந்த முகத்தில் கண்ணுக்குக் கீழே கருப்பு.
அதை அழிக்கட்டுமா என்று கேட்டார்.
இருக்கட்டும் என்றேன்.
அனுப்ப வேண்டுமானால் எண்பது கேபிக்குள்
அடங்க வேண்டும்,
இழுத்துக் குறுக்கி அடக்கினார்.
எட்டு பிரதி, நூற்றி இருபது ரூபாய்.

அடுத்த வருஷத்துக்கு இதை வைத்திருக்கவா என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?
29சி-யில் ஜன்னலோரம்
யோசிக்க ஆரம்பித்து
அப்படியே தூங்கிப்போய்
ஓட்டேரியில் இறங்க வேண்டியவள்
பெரம்பூரில் கண்டக்டர் தட்டி எழுப்ப விழித்தேன்.