பதினொரு கிலோமீட்டர்

கார்க்கடை, ஹிக்கின்சன் நெடுஞ்சாலையிலிருந்து
ஒரு தெரு உள்ளே.
வெள்ளி நிறத்தில் ஒரு டீசல்,
ஒட்டினாற்போல் சிவப்பில் ஒரு பெட்ரோல்.
"டீசலை எடுங்க ஆன்ட்டி, ஒரே டாங்க்கில்
ஜோஹானஸ்பர்க் போய்ச் சேரலாம்" என்றான் கடைக்காரன்.
ஜோஹானஸ்பர்க்கில் எனக்கு யாரும் இல்லை.
அதைச் சொல்லவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி பிரகாசன் கணக்கோடு வந்திருந்தான்.
கைபேசியில் கட்டங்கள், கட்டங்களுக்குள் எண்கள்:
நூறு கிலோமீட்டருக்கு இது ஐந்து லிட்டர், அது ஆறரை,
சர்வீஸ், இன்ஷூரன்ஸ்,
கூடுதலாகக் கொடுத்த பணத்தை டீசல்
எத்தனையாவது வருடம் திருப்பித் தரும் என்பது வரைக்கும்.
"ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவாய் அக்கா?"

சாட்ஸ்வொர்த்தில் வீடு, சாட்ஸ்வொர்த்திலேயே ஆஸ்பத்திரி.
ஒரு மேடு ஏறி ஒரு மேடு இறங்கினால்
இரத்தப் பரிசோதனைக் கூடம், என் நாற்காலி.
போக ஐந்தரை, வர ஐந்தரை.
"பதினொன்று" என்றேன்.
அவன் விரல் நின்றது.
"அவ்வளவுதானா?"

பதினாறு வருடமாக
அவ்வளவுதான்.

இஞ்சினைப் பார்க்கத் தாண்டேகாவை அழைத்திருந்தோம்.
மூடியைத் திறந்தாள். எங்கோ ஒரு விரலை விட்டாள்,
கறுப்பாக வெளியே எடுத்தாள்.
"பதினொன்றா? அப்படியென்றால் டீசல் வேண்டாம், சிசி.
சூடு ஏறுமுன்னே அணைத்துவிடுவீர்கள்.
கரி வெளியே போக வழியில்லாமல் வடிகட்டியில் அடையும்.
வாரத்தில் ஒரு தடவையாவது அதை நெடுஞ்சாலையில்
அரை மணி நேரம் நிற்காமல் விரட்ட வேண்டும்.
அப்போதுதான் உள்ளே கிடப்பதெல்லாம் எரிந்து போகும்.
இல்லையென்றால் ஒரு நாள்
எல்லா விளக்குகளையும் போட்டுக் காட்டிவிட்டு
நடுரோட்டில் நின்றுவிடும்."
கையைத் துடைத்தாள்.
"பெட்ரோலுக்கு அந்தத் தொல்லையில்லை.
மூலைக்கடைக்குப் போய் வந்தாலே போதும் அதற்கு."

வெள்ளிக் காரைத் தேவைக்கு மேல்
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
சிவப்புக்குக் கையெழுத்துப் போட்டேன்.

*

மாதத்தின் முதல் புதனன்று விலை ஏறுகிறது.
செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு ஊரே பங்க்கில்.
எனக்கு முன்னால் ஒரு பக்கி, அதன் பின்தட்டில்
சிமெண்டு மூட்டைமேல் தூங்கும் இரண்டு பையன்கள்.
வரிசை ஓரமாக யாரோ சமோசா விற்றுக்கொண்டு போனார்கள்.
வண்டியை அணைத்தும் எரித்தும் அணைத்தும்
ஐந்தைந்து அடியாக நகர்ந்தேன்.
"முழுசா?" என்றான் லிண்டானி.
"முழுசா."
மிச்சம் பிடித்தது முப்பத்தெட்டு ராண்ட்.
அதில் ஐந்து அவனுக்கு.

வெளியே வந்தால் இடப்பக்கம் வீடு.
இடப்பக்கம்தான் விளக்குப் போட்டேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்,
நான் வலப்பக்கம் திரும்பினேன்.

உம்கேனிப் பாலம் வரை
பழக்கமில்லாத செருப்பில் நடப்பது போல் ஓட்டினேன்.
அதற்குப் பிறகு கால் தானே அழுத்தியது.
உம்ஷ்லாங்கா வெளிச்சம் தாண்டியதும் கரும்பு.
எங்கோ தோகை கொளுத்தியிருந்தார்கள்; தீ தெரியவில்லை,
வாசனை மட்டும், கண்ணாடியில் நீள நீளமாய்ச் சாம்பல்.
வைப்பர் போட்டேன், இன்னும் மோசமாகத் தேய்த்தது.
ரேடியோ இல்லை. சன்னலை முழுக்க இறக்கிவிட்டு
சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன்.
யாரிடம் என்று சொல்ல மாட்டேன்.
சில இடங்களில் கெட்ட வார்த்தையும் உண்டு.

டொங்காட் சுங்கச்சாவடி விளக்குகள் தெரிந்தன.
அதற்கு முந்தைய வழியில் இறங்கித் திரும்பினேன்.
இஞ்சின் ஒரே சீராக இருந்தது.
அதற்கு இதெல்லாம் தேவையே இல்லை.

*

சனிக்கிழமை பிரகாசன் வந்தான்,
சாவியைப் போட்டு முள்ளைப் பார்த்தான்.
"செவ்வாய்தானே நிரப்பினாய்? கால் டாங்க் எங்கே?"
"வடிகட்டியைச் சுத்தம் பண்ணினேன்."
"பெட்ரோலில் ஏது அக்கா அந்த வடிகட்டி?"
கைபேசியை எடுத்து
கட்டம் கட்டமாக மேலே தள்ளித் தேடினான்.

டீ ஆறுகிறது என்றேன்.