ஒரு அடி

புதுக் கட்டடத் திறப்புவிழாவுக்கு
ஆறடி உயரத்தில் பேனர் வேண்டுமாம்.
பள்ளி வாரியச் செயலாளர் மரியநேசம்
பிஸ்கட் டின்னோடு கடைக்கு வந்திருக்கிறார்.
உள்ளே நான்கு படங்கள்.
ஓரங்களைக் கரையான் வாசித்து முடித்திருக்கிறது.

"முகம் மட்டும் போதும்க்கா.
கீழ வெறும் தரைதானே,
வெட்டிடுங்க."

வெட்டலாம்.
அம்மா மரம் வெட்டினாள்,
நான் படம் வெட்டுகிறேன்,
பஸ் நிலையத்துக்கு எதிரே, முப்பது வருசமாய்.
அடையாள அட்டை நகல் இருபது காசு.
இறந்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டிச்
சட்டமடித்துத் தர நாற்பது வெள்ளி.

முதல் படத்தைக் கவிழ்த்து மூடுகிறேன்.
வெளிச்சம் ஒருமுறை போய்வருகிறது.
புக்கிட் செராயா தோட்டத் தமிழ்ப்பள்ளி,
மூன்றாம் வகுப்பு, 1971.
சிலேட்டை மடியில் வைத்திருப்பவன்
நாகப்பன் மண்டோர் மகன் அருளாண்டு.
அவன் தலைக்குப் பின்னால் ஜன்னல்,
ஜன்னலுக்குள் எங்கள் ஒரே கூடம்.
நடுவில் கரும்பலகையை நிறுத்தினால்
அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு,
இந்தப் பக்கம் நான்காம் வகுப்பு.
அவர்களுடைய வாய்ப்பாடு
எங்கள் கணக்கில் வந்து விழும்.
ஏழெட்டு எவ்வளவென்று கேட்டால்
இன்றைக்கும் கால்குலேட்டரைத்தான் தேடுவேன்.

முன்னூறு சதவீதம் பெரிதாக்கினால்
அருளாண்டு காலில் வெள்ளைச் சப்பாத்து.
இடதில் கயிறு அறுந்து
மங்குக் கம்பியால் முடிச்சு.

அடுத்த படம். ஐந்தாம் வகுப்பு.
நடுவில் தேவானை.
அதே சப்பாத்து,
அதே கம்பி.

ஆறாம் வகுப்பில் அந்தோணிசாமி
அதன் பின்பக்கத்தை மிதித்துச்
செருப்பாக்கி வைத்திருக்கிறான்.

கல்வி இலாகாவுக்குப் போகவேண்டிய படங்கள்.
மாணவர் அனைவரும் சப்பாத்து அணிந்துள்ளனர் என்று
பெரிய வாத்தியார் முந்தின நாளே எழுதிவிட்டார்.
தோட்டம் முழுக்கத் தேடியும்
கிடைத்தது ஒன்பது ஜோடி.
போட்டவர் பெஞ்சில், போடாதவர் பின்னால்.
டவுனிலிருந்து ஹோண்டா கப்பில் வந்த ஸ்டூடியோ ஆ லெங்
அடுத்த பிலிமுக்குச் சுற்றி முடிப்பதற்குள்
ஒன்பது ஜோடியும் கால் மாறிவிடும்.

நான்காவது படம்
எங்கள் வகுப்பு.
இதை நான் பார்த்ததே இல்லை.
பிரதி ஒன்றரை வெள்ளி என்றார்கள்.
அந்த மாதம் விடாத மழை,
பெரட்டுக்குப் போனவர்கள்
வாளி நனைந்ததுதான் மிச்சமென்று திரும்பினார்கள்.
ஒன்பது வயது என் முகம்
திரையில் வந்து நிற்கிறது இப்போது.
அதை விட்டுவிட்டு
நேராகக் கீழே இறங்குகிறேன்.

முன்வரிசையில் பத்துப் பேர்.
தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு
மூச்சிரைக்க ஓடிவந்த பெருமாயி
பின்னால் போகமாட்டேனென்று
பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.
ஆ லெங் மலாயில் ஏதோ திட்டினார்.
கம்பி கட்டிய இடது எனக்கு,
வலது அவளுக்கு.
மற்றக் காலை இரண்டு பேரும்
பெஞ்சுக்கடியில் மடித்துக்கொண்டோம்,
வாய்க்கால் கொக்குகள் மாதிரி.
ஒரு பெருவிரல் மட்டும்
கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.
இலாகாவில் எவரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.
என் விரலா அவள் விரலா,
எத்தனை சதவீதத்துக்குப் போனாலும்
புள்ளிதான் வருகிறது.

மரியநேசம் பெயர்கள் கேட்கிறார்,
இடமிருந்து வலம், தகப்பன் பெயரோடு.
பெருமாயியின் தகப்பன் பெயர் எனக்குத் தெரியாது.
கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருசம்
லோரியில் ஏறிப் போனார்கள்.
ஜொகூருக்கு என்றார்கள் சிலர்.

"தரைய எடுத்துட்டா கச்சிதமா உக்காரும்க்கா."

உட்காரும்தான்.
வெட்டுக்கோட்டை எங்கள் முழங்காலில் நிறுத்திவிட்டு
கணினியும் சரியா என்று கேட்கிறது.

ஏழடியாக அடித்துக்கொள்ளலாம் என்கிறேன்.
"ஏழடின்னா எவ்வளவு ஆகும்?"
அதே விலைதான் தம்பி.
ஒரு அடி
என் கணக்கு.